எங்கட ஆச்சியும் பள்ளத்தூர் ஆச்சியும்



யாழ்ப்பாணத்தில் ஆச்சி என்றால் பேத்தியார். அம்மாவைப் பெற்றவவும் ஆச்சி, அப்பாவைப் பெற்றவவும் ஆச்சி, சந்தையில் பனங்கிழங்கு விற்கிற முகம் தெரியாத கிழவியும் ஆச்சிதான். தமிழ்நாட்டில், காரைக்குடியைச் சுற்றியுள்ள செட்டிநாட்டுப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வயதில்லை. நகரத்தார் வீட்டுக்குக் கலியாணமாகி வந்த இருபது வயதுப் பெண்ணையும் அங்கே ஆச்சி என்றுதான் சொல்லுவார்கள். அது மரியாதைச் சொல். ஆகவே நடிகை மனோரமாவை 'ஆச்சி' என்று தமிழகத்துச் சனங்கள் அழைத்தபோது அவர்கள் ஒன்றை நினைத்தார்கள், அதைக் கேட்டு நாங்கள் வேறொன்றை நினைத்தோம். இந்தக் குழப்பத்தால் யாருக்கும் நட்டமில்லை. எங்களுக்கு அவர் சும்மா ஒரு நடிகையாக இல்லாமல் சொந்தக்காரியாகவே ஆகிவிட்டார்.

இந்த முறை அவரைப் பற்றி எழுதக் காரணம் ஒரு பழைய ஞாபகம். 90களின் தொடக்கத்தில் கோட்-டே-நேஜ் பக்கத்தில் நாங்கள் இருந்த கட்டடத்தில் மூன்று குடும்பங்களுக்கு ஒரு வீடியோப் பெட்டி. வெள்ளிக்கிழமை பின்னேரம் தமிழ்க் கடையில் கசற் எடுத்தால் ஞாயிறு இரவு திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்த மாரிக்குள் மேல்மாடிக்கு ஊரிலிருந்து ஒரு ஆச்சி வந்து சேர்ந்தா. மகனும் மருமகளும் சபனெல் வீதியில் தையல் பக்டரியில் வேலை. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனால் வீட்டில் அவ மட்டும்தான். யன்னலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, சினோ கொட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பா. கேட்டால் பதில் சொல்லுவா, தானாக வாய் திறக்க மாட்டா. ஒரு சனிக்கிழமை எல்லோரையும் போல அவவையும் கூட்டிக்கொண்டு வந்து இருத்தி, 'சின்னக் கவுண்டர்' போட்டோம். 1992-இல் வந்த விஜயகாந்த் படம். அதில் பல்லை வெளியே நீட்டிக்கொண்டு கவுண்டரின் தாயாக மனோரமா வருவார். கொங்குத் தமிழில் அவர் இழுத்துக் கதைக்கத் தொடங்கியதும் ஆச்சி சிரிக்கத் தொடங்கினா. படம் முடிந்தபின் எங்களைப் பார்த்து அவ சொன்ன முதல் முழு வசனம்: "இவ நடிக்கேல்லப் பிள்ளை, கதைக்கிறா."

அந்த வசனத்தை விடச் சரியாக மனோரமாவைப் பற்றி ஒரு விமர்சகர் எழுதியதை நான் இன்னும் வாசிக்கவில்லை.

* * *

மனோரமாவின் சொந்தப் பெயர் கோபிசாந்தா. 1937 மே 26-ஆம் திகதி, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்து மன்னார்குடியில் பிறந்தார். தாயார் பெயர் ராமாமிர்தம். தகப்பன் தாயாரின் தங்கையையே இரண்டாந்தாரமாகக் கட்டிக்கொண்டு, முதல் மனைவியையும் கைக்குழந்தையையும் கைவிட்டார். அந்தத் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம்தான் செட்டிநாட்டுப் பள்ளத்தூர். பெரிய பெரிய வீடுகளும் தேக்குத் தூண்களும் உள்ள ஊர். அந்த வீடுகளில் வேலைக்காரியாக நின்றுதான் ராமாமிர்தம் பிள்ளையை வளர்த்தார். 'ஆச்சி' என்ற பட்டம் மனோரமாவுக்கு ஒட்டியது இந்த ஊர்ச் சம்பந்தத்தால்தான். ஆனால் அந்த ஊரில் உண்மையான ஆச்சிகள் வேறு, அவர்கள் வீட்டுப் பாத்திரம் கழுவிய ராமாமிர்தம் வேறு. அந்த வேலைக்காரியின் மகளுக்கு நாடே ஆச்சிப் பட்டம் கொடுத்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

பிள்ளைக்குப் பதினொரு வயதானபோது தாய்க்குக் கடும் வருத்தம் வந்தது. பள்ளிக்கூடம் நின்றது. தாய் செய்த வீட்டு வேலையை மகள் செய்யத் தொடங்கினாள். இந்த மட்டில் இது ஆயிரம் ஏழைப் பிள்ளைகளின் கதை. வித்தியாசம் என்னவென்றால், அந்தப் பிள்ளைக்கு நல்ல குரலும், ஒருமுறை கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுகிற காதும் இருந்தன. பள்ளத்தூருக்கு 'அந்தமான் காதலி' நாடகம் போட ஒரு குழு வந்தது. அதில் ஒரு சின்ன வேடத்துக்கு வந்த நடிகைக்குப் பாட்டு வரவில்லை. ஊரில் பாடக்கூடிய பிள்ளை யார் என்று தேடி கோபிசாந்தாவைப் பிடித்தார்கள். பன்னிரண்டு வயதளவில் இப்படி மேடை ஏறியவருக்கு மனோரமா என்ற பெயரை வைத்தவர்களும் நாடகக்காரர்கள்தான்.

அன்றைய நாடகக் குழு வாழ்க்கை என்றால் என்ன என்பது இப்போதைய பிள்ளைகளுக்கு விளங்காது. ஊருக்கு ஊர் பெட்டி கட்ட வேண்டும். மைக் பிடிக்காத மூலையில் இருப்பவனுக்கும் கேட்கப் பேச வேண்டும். ராணியாக நடிக்க வேண்டியவளுக்குக் காய்ச்சல் என்றால் தோழியாக நடித்தவள் அன்றிரவே ராணியின் வசனத்தைச் சொல்ல வேண்டும். சனங்கள் சிரிக்காவிட்டால் அடுத்த வரியிலேயே தெரிந்துவிடும். மனோரமாவுக்கு நடிப்புப் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான். பின்னர் எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்தார். கருணாநிதி எழுதிய 'மணிமகுடம்' போன்ற நாடகங்களில் நடித்தார். திராவிட இயக்கம் மேடை நாடகத்தால் கட்சி வளர்த்த காலம் அது. அண்ணாவும் கருணாநிதியும் தாங்களே வேடம் கட்டி மேடை ஏறினார்கள், அவர்கள் இருவருடனும் மனோரமா நடித்திருக்கிறார். பின்பு எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, தெலுங்கில் என்.ரி.ராமராவ் ஆகியோருடன் சினிமாவில். பிற்பாடு முதலமைச்சர்களான ஐந்து பேருடன் நடித்தவர் என்று அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள். நானும் சொல்லிவிட்டேன்.

சினிமா உடனே கதவு திறக்கவில்லை. முதலில் ஒப்பந்தமான படங்கள் பாதியில் நின்றுபோயின. 1958-இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த 'மாலையிட்ட மங்கை'தான் திரைக்கு வந்த முதற் படம். மேடையில் கதாநாயகியாக நின்று பழகிய இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு அதில் கிடைத்தது நகைச்சுவை வேடம். அந்த வயதில் யாருக்கும் முகம் சுருங்கும். கொமடி வேடத்தில் ஒருமுறை மாட்டிக்கொண்டால் பிறகு கதாநாயகி வேடம் வராது என்பது கோடம்பாக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே போயிற்று. 1963-இல் சேலம் மொடேர்ண் தியேட்டர்ஸ் எடுத்த 'கொஞ்சும் குமரி'யில் ஆர்.எஸ்.மனோகருக்கு ஜோடியாகக் கதாநாயகியாக நடித்தார். அதற்குப் பின்னும் அவரைத் தேடி வந்தது பெரும்பாலும் பக்கத்து வேடங்களே.

* * *

இவ்விடத்தில் ஒரு சின்னக் கணக்குப் பார்ப்போம். 1985-இல் ஆயிரம் படங்களைத் தாண்டிய நடிகை என்று கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் அவர் பெயர் ஏறியது. 1958-இலிருந்து 27 வருடங்கள். வருடத்துக்கு முப்பத்தேழு படம், அதாவது பத்து நாளைக்கு ஒரு படம் வீதம் இருபத்தேழு வருடம். சாகும்போது ஆயிரத்தைந்நூறு என்று பத்திரிகைகள் எழுதின.

இது எப்படி நடக்கும்? கதாநாயகன் ஒரு படத்துக்கு மாதக்கணக்கில் திகதி கொடுப்பார். கொமடிக்காரருக்கும் பக்கத்து வேடக்காரருக்கும் அப்படியில்லை. அந்தக் காலத்துப் படங்களில் நகைச்சுவைப் பகுதி பெரும்பாலும் தனிக் கதையாக ஓடும். நாலைந்து நாளில் ஒரே செற்றில் அதை எடுத்து முடித்துவிடலாம். காலையில் ஏ.வி.எம்.மில் ஒரு படம், பின்னேரம் வாகினியில் இன்னொன்று, இரவு வேறொரு இடம் என்று ஓடலாம். காலையில் மாமியார், பின்னேரம் வேலைக்காரி, இரவில் ஜமீன்தாரிணி. சேலையை மாற்றுவது சுலபம். தமிழை மாற்றுவதுதான் கஷ்டம். ஒரு வேடத்துத் தமிழ் மற்ற வேடத்துக்குள் கசியாமல் இப்படி இருபத்தேழு வருடம் ஓடினார்.

மொன்றியலில் விடிய ஐந்து மணிக்கு ஒரு இடத்தில் துப்பரவு வேலை, பகலில் பக்டரி, பின்னேரம் பிரெஞ்சு வகுப்பு என்று ஓடுகிற எங்கள் பெண்களுக்கு இந்தக் கால அட்டவணையை நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும். ஆயிரம் படத்தில் ஆயிரமும் நல்லதல்ல. கத்திக் கதைக்கிற மனைவி, புருஷனுக்கு விளக்குமாறு தூக்குகிற மனைவி, ஆணின் அசட்டுத்தனத்துக்குப் பக்கத்தில் நிற்க வைத்த முகம் என்று எழுத்தில் ஒன்றுமேயில்லாத வேடங்கள் ஏராளம். பெண்ணின் பல்லையும் நிறத்தையும் வைத்துச் சிரிப்புக் காட்டுகிற கெட்ட பழக்கத்துக்கும் அவர் உடன்பட்டு நடித்திருக்கிறார். வந்த வேலையைத் தட்டாமல் செய்தார். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்றால் எந்தப் படம் நல்ல படம் என்று பொறுக்கிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் எழுத்து கொஞ்சம் இடம் கொடுத்தால் போதும், அந்த இடத்தை அவர் வீடாக்கிவிடுவார். 1968-இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தைப் பாருங்கள். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதையை ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். சிவாஜி ஒரு பக்கம், பத்மினி ஒரு பக்கம், பாலையா, நாகேஷ், பாலாஜி, நம்பியார் என்று பெரிய மரங்கள் நிற்கிற தோட்டம். அதற்குள் ஊர் ஊராகப் போகிற நாடகக்காரி ஜில்ஜில் ரமாமணியாக மனோரமா வருகிறார். சண்முகசுந்தரத்தின் மீது அவளுக்கு ஆசை உண்டு. அது கிடைக்காது என்பதும் தெரியும். அந்த இரண்டையும் ஒரே சிரிப்புக்குள் வைத்துக்கொண்டு கதைப்பாள். அவளுடைய குலுக்கல் நடையையும் நாடகக் கொட்டகைக் கதையையும் பார்த்துச் சிரிக்கிற நாங்கள், அவள் சிரிப்பை நிறுத்துகிற நொடியில் திடுக்கிட்டுப் போவோம். தான் பன்னிரண்டு வயதிலிருந்து கூட வாழ்ந்த பெண்களைத்தான் மனோரமா அங்கே காட்டினார் என்று நான் நினைக்கிறேன். நாதஸ்வரமும் பரதமும் போட்டி போடுகிற படத்தில், இரண்டும் தெரியாத இவள்தான் பலருக்கு முதலில் ஞாபகம் வருகிறாள்.

அதே 1968-இல் 'பொம்மலாட்டம்' வந்தது. அதில் சோவுடன் நடித்து, மெட்ராஸ் குப்பத்துத் தமிழில் தன் சொந்தக் குரலில் அவர் பாடிய பாட்டு எங்கள் ஊர்க் கலியாண வீட்டு ஒலிபெருக்கிவரை வந்தது. சென்னையைக் கண்ணால் காணாத யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் அந்தப் பாஷையில் பகிடி விட்டுத் திரிந்தார்கள்.

இதுதான் அவருடைய மூலதனம். கொங்குநாட்டுக் கவுண்டச்சி, செட்டிநாட்டுக்காரி, தஞ்சாவூர்க்காரி, அக்கிரகாரத்து மாமி, சேரிப் பெண் என்று எல்லாத் தமிழும் அந்த வாயில் இருந்தது. வடக்கேயிருந்து வந்த கதாநாயகிகளுக்கு வேறொருவர் குரல் கொடுத்த காலத்தில், பக்கத்தில் நின்ற மனோரமாவின் குரல்தான் அந்தப் படத்தில் ஊர்ப் பெண்ணின் குரலாகக் கேட்டது. எங்கள் யாழ்ப்பாணத் தமிழைத் தமிழகப் படங்கள் பிடித்த விதம் வேறு கதை. அதைப் பற்றி எழுதினால் எனக்குக் கோபம் வரும், இன்னொரு முறை பார்ப்போம்.

* * *

நகைச்சுவையிலிருந்து அம்மா வேடத்துக்கு அவர் எப்போது மாறினார் என்று ஒரு கோடு கிழிக்க முடியாது. தங்கவேலு, நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று ஜோடிகள் மாறிக்கொண்டே வந்தார்கள். 1966-இல் 'அன்பே வா'வில் நாகேஷுக்கு ஜோடியாக ஓடி விளையாடியவர், நாற்பது வருடம் கழித்து 2006-இல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யில் வடிவேலுவுக்குத் தாயான ராஜமாதா. ஆண் கொமடியர்கள் ஒவ்வொரு தலைமுறையாகப் போய்விட, இவர் மட்டும் அதே இடத்தில் நின்று அடுத்தவரை வரவேற்றார். 1990-இல் வந்த 'நடிகன்' படத்தில், கிழவன் வேஷம் போட்ட சத்யராஜின் மீது காதல் கொள்ளுகிற பேபி அம்மாவாக அவர் நாணிக் கோணுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

என்னைக் கேட்டால், அவருடைய வேலைக்காரி வேடங்களைத்தான் முதலில் சொல்லுவேன். 1986-இல் ஏ.வி.எம். தயாரித்து விசு இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' படத்தில் அவர் கண்ணம்மா. ஒரு நடுத்தரக் குடும்பத்து வீட்டில் வேலை செய்கிறவள். அந்த வீட்டுக்காரர் எல்லோரும் மானம், கௌரவம், சம்பளம் என்று பிரிந்து நிற்க, குடும்பம் உடையாமல் இருக்க வேண்டும் என்று உண்மையாகக் கவலைப்படுகிறவள் அந்த வீட்டில் பிறக்காத இவள்தான். சம்பந்தி வீட்டாரோடு அவள் வாயைக் கொடுத்துச் சண்டை பிடிக்கிற அந்தக் காட்சியை வசனத்தோடு மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பெண்கள் இந்த மொன்றியலிலும் இருக்கிறார்கள். நல்ல பொழுதுபோக்குப் படத்துக்கான இந்திய தேசிய விருது அந்தப் படத்துக்குக் கிடைத்தது. பதினொரு வயதில் பள்ளத்தூர் வீடுகளில் வேலை செய்த பிள்ளைக்கு, வேலைக்காரி எந்தக் கதவுக்குப் பின்னால் நின்று வீட்டுக் கதையைக் கேட்பாள், எந்த நேரம் குரலை உயர்த்தலாம், எந்த நேரம் உயர்த்தக் கூடாது என்று யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

1996-இல் வந்த ஷங்கரின் 'இந்தியன்' இன்னொன்று. அதில் கணவன் செத்ததற்கான இழப்பீட்டுக் காசுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைகிற கிராமத்துக் கிழவி குப்பம்மா. மேசைக்கு மேசை காசு கேட்பார்கள். படத்தில் சில நிமிடம்தான். கையில் கடதாசியைப் பிடித்துக்கொண்டு, எந்த மேசையில் எதைக் கொடுப்பது என்று தெரியாமல் அவர் நிற்கிற நிலையைப் பார்த்தபோது எனக்கு ஊர்க் கச்சேரிகளும், விதானையார் வீட்டு வாசலும், கொழும்பில் லொட்ஜில் இருந்துகொண்டு கடவுச்சீட்டுக்கு அலைந்த நாட்களும் நினைவுக்கு வந்தன. இங்கே யாரும் எங்களிடம் லஞ்சம் கேட்கவில்லை. ஆனால் விளங்காத பாஷையில் எழுதிய கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற அந்த நிற்பு எங்களுக்கும் தெரியும்.

* * *

சொந்த வாழ்க்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாடகக் குழுவில் கூட இருந்த எஸ்.எம்.ராமநாதன் என்பவரை 1964-இல் மணந்தார். ஒரு மகன் பிறந்தான். 1966-இல் மணமுறிவு. தாய்க்கு நடந்தது மகளுக்கும் நடந்தது. அதன் பின் அந்த வீட்டில் உழைத்தவர் அவர் ஒருவர்தான். தாயை வைத்துப் பார்த்ததும் மகனை வளர்த்ததும் அந்த ஆயிரம் படங்களின் சம்பளத்தில்தான். யுத்தத்தால் தனியாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்த தாய்மார் எங்கள் சனத்துக்குள் எத்தனை பேர் என்பதை நீங்கள் அறிவீர்கள். "புருஷன் எங்கே" என்று கேட்கிற வழக்கத்தை நாங்கள் கப்பலிலோ பிளேனிலோ விட்டுவிட்டு வரவில்லை என்பதையும் அறிவீர்கள்.

அரசியலிலும் ஒரு தடவை கை சுட்டுக்கொண்டார். 1996 தேர்தலில் ஜெயலலிதாவின் கட்சிக்காகப் பிரசாரம் செய்து, ரஜினிகாந்தை மேடைகளில் கடுமையாகத் தாக்கிப் பேசினார். அந்தக் கட்சி படுதோல்வி கண்டது. படங்கள் வருவது குறைந்தது. 1997-இல் ரஜினியே தன் 'அருணாச்சலம்' படத்தில் அவருக்கு வேடம் கொடுத்து அந்தக் கதையை முடித்து வைத்தார். ரஜினியை நான் எல்லாவற்றுக்கும் புகழுகிறவனில்லை. இதற்குப் புகழத்தான் வேண்டும்.

* * *

விருதுக் கதைக்கு வருவோம். பார்த்திபன் இயக்கிய 'புதிய பாதை' (1989) படத்துக்காக மனோரமாவுக்கு இந்திய தேசிய விருது கிடைத்தது. சிறந்த துணை நடிகை என்ற விருது. 2002-இல் பத்மஸ்ரீ. துணை நடிகை என்ற அந்தச் சொல்லைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கொரிய நடிகையின் ஞாபகம் வந்தது.

யுன் யோ-ஜொங் என்பது பெயர். 1947-இல் பிறந்தவர். 1966-இல் தொலைக்காட்சியில் தொடங்கி, 1971-இல் கிம் கி-யங் இயக்கிய படம் ஒன்றில் பெயர் எடுத்தார். எழுபதுகளின் நடுவில் கலியாணமாகிக் கணவனோடு அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போனார். தன் நாட்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்த நடிகை, அங்கே சுப்பர் மார்க்கற்றில் காசாளராக வேலை செய்தார். எண்பதுகளின் நடுவில் கொரியாவுக்குத் திரும்பினார். மணமுறிவு. இரண்டு மகன்கள். சின்ன வேடம், கெட்ட வேடம் என்று பாராமல் வந்ததெல்லாம் நடித்துப் பிள்ளைகளை வளர்த்தார். 2020-இல் வந்த 'மினாரி' படத்தில், அமெரிக்காவில் காணி வாங்கிக் கமம் செய்யப் பாடுபடுகிற கொரியக் குடும்பத்துக்கு ஊரிலிருந்து வந்து சேருகிற பேத்தியாராக நடித்தார். பேரனுக்கு இந்தப் பேத்தியாரைப் பிடிக்கவில்லை, ஊர் மணம் மணக்கிறது என்கிறான். 2021-இல் ஒஸ்கார் விருது கிடைத்தது. சிறந்த துணை நடிகை. வயது எழுபத்து மூன்று. தன்னை வேலைக்குப் போகச் செய்தவர்கள் என்று விருது மேடையில் மகன்மாருக்கு நன்றி சொன்னார். அந்தப் படத்தை இங்கே பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். பாஷைதான் கொரியன். வீடு எங்கள் வீடு.

இரண்டு பேரின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி வருகிறது. யுன்னுக்கு அறுபது வயதுக்குப் பின் அவரையே மையமாக வைத்துப் படம் எழுத அவர் நாட்டில் ஆட்கள் இருந்தார்கள். 2016-இல் வந்த 'பாக்கஸ் லேடி' அப்படியொன்று. முழுப் படமும் ஒரு கிழவியின் கதை. மனோரமாவுக்கு? 1988-இல் 'பாட்டி சொல்லைத் தட்டாதே' என்று ஏ.வி.எம். எடுத்தார்கள். பாண்டியராஜனும் ஊர்வசியும் இளஞ்சோடி, ஆனால் பெயரிலும் கதையிலும் பாட்டிதான் பெரிய ஆள். அந்தக் கார்ப் பகிடிகளுக்கு எங்கள் பிள்ளைகள் இன்றும் உருண்டு சிரிப்பார்கள். படம் நன்றாக ஓடியது. தெலுங்கிலும் எடுத்தார்கள். ஒரு கிழவியை நடுவில் நிறுத்தினால் சனம் வரும் என்று அந்தப் படம் காட்டியும், அப்படி இன்னும் நாலு படம் அவருக்காக எழுத யாருக்கும் தோன்றவில்லை. மறுபடி தாய், மறுபடி பாட்டி, மறுபடி கதாநாயகன் கும்பிட்டுவிட்டுப் போகிற கால்கள். 2010-இல் 'சிங்கம்', 2013-இல் அதன் இரண்டாம் பாகம் என்று கடைசிவரை அழைத்தார்கள், மரியாதையாகத்தான் அழைத்தார்கள். ஆனால் ஆயிரம் படம் நடித்தவர் என்று மாலை போட்ட கைகளில் ஒன்றாவது, கதை எழுதப் பேனையை எடுத்திருக்கலாம் என்பது என் மனத்தாங்கல்.

2015 ஒக்டோபர் 10-ஆம் திகதி இரவு சென்னையில் மாரடைப்பால் காலமானார். எழுபத்தெட்டு வயது. அப்போது முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா நேரில் வந்து அஞ்சலி செலுத்தினார். மறுநாள் இங்கே தமிழ்க் கடையில் மரக்கறி தெரிந்துகொண்டு நின்ற பெண்கள், "ஆச்சி செத்துப்போனாவாம்" என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். எந்த ஆச்சி என்று ஒருவரும் கேட்கவில்லை.

* * *

புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு யோசனை. இப்போது கசற்றும் இல்லை, கசற் கடையும் இல்லை. கைத்தொலைபேசியிலேயே பழைய படங்கள் எல்லாம் கிடைக்கின்றன. பிள்ளைகள் நாள் முழுக்கப் பிரெஞ்சில் கதைத்துவிட்டு வருகிறார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துப் படிப்பார்கள், கதைக்கிற தமிழ் அங்கே வராது. முதலில் 'பாட்டி சொல்லைத் தட்டாதே' போடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அடுத்தது 'சம்சாரம் அது மின்சாரம்'. கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் என்றால் 'தில்லானா மோகனாம்பாள்'. நீளம்தான், இரண்டு இரவாகப் பாருங்கள். விளங்காத சொல் வந்தால் நிற்பாட்டிக் கேட்பார்கள். வீட்டில் ஆச்சி இருந்தால் ஆச்சியைக் கேட்கச் சொல்லுங்கள்.

மேல்மாடி ஆச்சி அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாகவே கீழே இறங்கி வந்தா. "பிள்ளை, அந்தப் பல்லுக்காரியின்ரை படத்தை இன்னொருக்காப் போடுறியோ?" என்று கேட்டா. போட்டோம். பின்னேரம் மூன்றாந் தடவையும் ஓடியது. அதனால் அன்றிரவு கசற்றைக் கொண்டுபோய்க் கொடுக்க முடியாமல் போய், திங்கட்கிழமை கடைக்காரர் ஒரு டொலர் தண்டம் எடுத்தார். ஆச்சியின் மகன் அதைத் தான்தான் தருவேன் என்று நின்றார்.